ராக் ஸ்டார் போட்டோல யார் கையெழுத்து இருக்கணும்? காசு போடறதுக்கு முன்னாடி ஒரு ஒப்பீடு

கையில ஒரு லட்சம் ரூபா இருக்கு, கிதாரிஸ்ட் ஜிமி ஹென்ட்ரிக்ஸோ பீட்டில்ஸ் ஜான் லெனனோ பாடகர் ஜானி கேஷோ யாராவது ஒருத்தரோட கருப்பு வெள்ளை போட்டோ வேணும், கையெழுத்தோட, டூப்ளிகேட் இல்லாம. எதை வாங்கறது? என் மச்சான் இதைக் கேட்டான், வாய்ஸ் நோட்டா போட்டுப் போட்டு மாளல, அவன மாதிரியே இன்னும் ரெண்டு மூணு பேர் வேற கேட்டுட்டாங்க, அதனால எழுதியே வெச்சிடறேன்.

முதல்ல ஒண்ணு. "கையெழுத்துப் போட்ட போட்டோ"ன்னு பொத்தாம் பொதுவா சொல்றதுக்குள்ள அஞ்சு விதமான சரக்கு இருக்கு. பாடகரே கையெழுத்துப் போட்டது. எடுத்த போட்டோகிராஃபர் கையெழுத்துப் போட்டது. ரெண்டு பேரும் போட்டது. போட்டோகிராஃபர் போனதுக்கப்புறம் அவரோட எஸ்டேட், அதாவது அவர் சொத்தையும் உரிமையையும் பாத்துக்கறவங்க, முத்திரை குத்தி விக்கிறது. அப்புறம், கையெழுத்தே இல்லாம எங்கயோ ஒரு பத்திரிகை ஆபீஸ் அலமாரில கிடந்து வெளிய வந்த பழைய பிரஸ் பிரிண்ட். அஞ்சுக்கும் விலை வேற, ஏமாற வாய்ப்பும் வேற. முதல் தடவ வாங்கறவங்க முக்கால்வாசிப் பேர் நேரா முதல் வகைக்குத்தான் போறாங்க, பாடகர் கை பட்டதுன்ற ஆசை, தப்பில்ல. ஆனா காசுக்கு எது நிக்கும்னு பாத்தா நான் ரெண்டாவது வகை கட்சி, அதுக்குக் காரணம் சொல்றேன், அதே சமயம் எங்க அந்தக் கணக்கு தலைகீழா மாறும்னும் சொல்றேன்.

பாடகர் கையெழுத்துல இருக்கற பெரிய தலைவலி அது அவர் போட்டதுதானான்னு நிரூபிக்கறது. பீட்டில்ஸையே எடுத்துக்கோங்க. 1963, 64-ல ரசிகர் கூட்டம் தாங்க முடியாம போனப்ப கூடவே இருந்த ரோடு மேனேஜருங்க நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் நாலு பேர் கையெழுத்தையும் இவங்களே போட்டுக் குடுத்திருக்காங்க, இது ஊரறிஞ்ச கதை. யோசிச்சுப் பாருங்க, அந்தப் போட்டோ அன்னைக்கு மேடைக்குப் பின்னாடிலேர்ந்து வந்தது நிஜம், பேப்பர் நிஜம், இங்க் அந்தக் காலத்து இங்க், அத வாங்கி வெச்சிருந்த பாட்டி பொய்யே சொல்லல, ஆனா கையெழுத்து மட்டும் பீட்டில்ஸோடது இல்ல. அதுக்கு மேல ஃபேன் கிளப் கார்டுங்க வேற, அதுல நாலு கையெழுத்தும் அச்சாவே வரும், அதையும் "ஒரிஜினல்"னு இன்னைக்கும் ஆன்லைன்ல ஏத்தறாங்க. எல்விஸுக்கும் இதே கதைதான், ரசிகர் கடிதத்துக்கு அவர் ஆபீஸ்ல இருந்தவங்க போட்ட கையெழுத்து நிறைய சுத்துது.

சரி அது பழைய காலம், இப்ப அப்படி நடக்காதுன்னு நெனச்சா 2022 நவம்பர்ல நடந்தத பாருங்க. பாப் டிலன் எழுதின ஒரு புத்தகத்தோட 900 பிரதிய, கையால கையெழுத்துப் போட்டதுன்னு 599 டாலருக்கு பதிப்பகமே வித்துச்சு, கூடவே இது அவர் போட்டதுதான்னு பதிப்பகத் தலைவர் பேர்ல ஒரு லெட்டரும் வெச்சாங்க. வாங்கினவங்க ஆளாளுக்கு படம் எடுத்துப் போட்டு ஒண்ணோட ஒண்ண வெச்சுப் பாத்தா அச்சு அசல் ஒரே கோடு, ஒரே வளைவு. ஆட்டோபென், அதாவது பேனாவப் புடிச்சு ஒரே கையெழுத்த திரும்பத் திரும்பப் போடற மெஷின். பதிப்பகம் காச திருப்பிக் குடுத்துச்சு, டிலனும் 2019-லேர்ந்து தலைசுத்தல் பிரச்சினை, கோவிட் சமயம் வேற, அதனால மெஷின வெச்சுப் பண்ணோம், தப்புதான்னு அறிக்கை விட்டாரு. இங்க கவனிக்க வேண்டியது, ஃபோர்ஜரி பண்றவன் யாரும் நடுவுல இல்ல, சரக்கு நேரா மூலத்துலேர்ந்தே வந்துச்சு, சான்றிதழும் இருந்துச்சு. அதனால யாராவது "சார் சிஓஏ இருக்கு சார்"னு, அதாவது அசல்தான்ற சான்றிதழ் இருக்குன்னு சொன்னா அந்த ஒரு பேப்பருக்காக அசைஞ்சு குடுக்காதீங்க, அத எந்த பிரிண்டர்லயும் அடிக்கலாம். பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் மாதிரி அமெரிக்க கம்பெனிங்க பாத்துக் குடுக்கற சான்று அத விட மதிப்பானதுதான், விக்கும்போது கைகுடுக்கும், ஆனா அதுவும் தெரிஞ்சவங்க சொல்ற ஒரு கருத்துதான்.

கண்ணால பாத்தே கழிச்சுக்கட்டக் கூடியது கொஞ்சம் இருக்கு, பத்து மடங்கு பெரிசாக் காட்டற லூப் ஒண்ணு இருந்தா போதும், நம்ம ஊர் வாட்ச் ரிப்பேர் கடைல கண்ணுல மாட்டிக்கறாங்களே அந்த மாதிரி. மனுஷன் போடற கையெழுத்துல கை வேகமா வந்து இறங்கும், வேகமா கிளம்பும், அதனால ஆரம்பமும் முடிவும் மெலிஞ்சிருக்கும், நடுவுல அழுத்தம் ஏறி இறங்கும். மெஷின் போட்டதுல பேனா இறங்கி நின்னுதான் ஓட ஆரம்பிக்கும், அதனால ரெண்டு முனையிலயும் குண்டா ஒரு புள்ளி நிக்கும், கோடு முழுக்க ஒரே தடிமன். அச்சடிச்ச கையெழுத்துன்னா போட்டோவ வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, பளபளப்பு பேப்பர்ல நிஜ இங்க் தனியா மேல உக்காந்து தெரியும், அச்சுன்னா போட்டோவோட பளபளப்பு கையெழுத்து மேலயும் தடையில்லாம ஓடும். அப்புறம் பேனாவோட வயசு. ஷார்ப்பி மார்க்கர் கடைக்கு வந்ததே 1964-ல. 1962-ல கையெழுத்துப் போட்டதுன்னு சொல்லி ஷார்ப்பில தடியா எழுதியிருந்தா அங்கயே கதை முடிஞ்சுது. ஹென்ட்ரிக்ஸ் 1970 செப்டம்பர்ல செத்துட்டாரு, அவர் போட்டோல வெள்ளி கலர் பெயின்ட் பேனால பளபளன்னு கையெழுத்து இருந்தா எனக்கு சந்தேகம்தான், அந்தப் பேனாலாம் ஆட்டோகிராஃப் உலகத்துல பரவினது ரொம்பப் பின்னாடி.

இதுல கருப்பு வெள்ளை போர்ட்ரெய்ட்டுக்குன்னே ஒரு நடைமுறைச் சிக்கல் வேற இருக்கு. பின்னணி கருப்பு, கோட்டு கருப்பு, முடி கருப்பு, பாடகர் கைக்கு வந்த கருப்பு மார்க்கரால நெஞ்சு மேல போட்டுட்டுப் போயிடுவாரு, சுவத்துல மாட்டினா ரெண்டடி தள்ளி நின்னா கையெழுத்தே தெரியாது. அதனாலதான் ஆட்டோகிராஃப் புடிக்கறவங்க வெளிர் பின்னணி போட்டோவாத் தேடி, நீல மார்க்கரத் தயாரா வெச்சுக்கிட்டு நிப்பாங்க. அந்த மார்க்கர் இங்க்கும் சாகாவரம் வாங்கி வந்ததில்ல, ஜன்னல் எதிர்ல மாட்டினா கருப்பு கொஞ்ச வருஷத்துல பழுப்பாவோ ஊதாவாவோ ஆயிடும், படம் அப்படியே நிக்கும் நீங்க காசு குடுத்த கையெழுத்து மட்டும் கரைஞ்சு போகும்.

இவ்வளவுக்கும் அப்புறம் பாடகர் கையெழுத்துதான் வேணும்னா என்னோட ஒரே யோசனை, உயிரோட இருக்கறவங்க, நேர்ல வாங்கினது, இல்லன்னா பேர் போட்டு எழுதினது. "டு சூசன், வித் லவ்"னு யாரோ ஒரு சூசனுக்கு எழுதிக் குடுத்திருந்தா விலை குறையும், ஏன்னா அடுத்தவன் பேர் இருக்கற சாமான் யாருக்கும் புடிக்காது. ஆனா நமக்கு அதுதான் லாபம். டூப்ளிகேட் பண்றவன் சட்டுபுட்டுன்னு விக்கறதுக்கு மொட்டையாக் கையெழுத்து மட்டும் போடுவான், ரெண்டு வரி கூட எழுதினா மாட்டிக்க வாய்ப்பு ஜாஸ்தி. சூசன் பேரு என் சுவத்துல இருந்தா எனக்கென்ன, அந்தம்மா நல்லா இருக்கட்டும். ஆனா உயிரோட இருக்கற பெரிய தலைங்களும் இப்ப கையெழுத்த நிறுத்திட்டாங்க, பீட்டில்ஸ்ல இருந்த ரிங்கோ ஸ்டார் 2008 அக்டோபர் 20-க்கு அப்புறம் ரசிகர் தபாலுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னு வீடியோவே போட்டாரு, அதே பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னியும் 2021-ல நிறுத்திட்டேன்னு சொல்லிட்டாரு.

இப்ப போட்டோகிராஃபர் பக்கம் வாங்க. இங்க கேள்வியே மாறிடுது. ஜெரெட் மாங்க்கோவிட்ஸ் 1967-ல லண்டன் மேசன்ஸ் யார்ட்ல இருந்த தன்னோட ஸ்டுடியோல ஹென்ட்ரிக்ஸ எடுத்தாரு, அந்த பழைய மிலிட்டரி ஜாக்கெட்டு, இடுப்புல கை, நேரா கேமராவப் பாக்கற முகம், நீங்க டி-ஷர்ட்டுலயே ஆயிரம் தடவ பாத்திருப்பீங்க. அவரோட நெகட்டிவ்லேர்ந்து, அவர் மேற்பார்வைல பிரிண்ட் போட்டு, அவரே நம்பர் எழுதிக் கையெழுத்துப் போட்டு கேலரி வழியா விக்கறாங்க. இதுல அது அவர் கையெழுத்தான்னு ஆராய்ச்சி பண்ண வேண்டியதே இல்ல, கேலரி பில்லு இருக்கு, எத்தனாவது பிரதி யாருக்குப் போச்சுன்னு ரெஜிஸ்டர் இருக்கு, சந்தேகம்னா ஒரு மெயில் போட்டுக் கேக்கலாம். சின்ன சைஸ் பல பேரோடது ஆயிரம் டாலர ஒட்டிக் கிடைக்கும், நம்ம காசுல 80, 90 ஆயிரம். ஹென்ட்ரிக்ஸே கையெழுத்துப் போட்ட போட்டோ வேணும்னா அந்தக் காசு முன்பணத்துக்குக் கூட காணாது, அந்த மனுஷன் புகழோட இருந்ததே நாலு வருஷம், அதுக்குள்ள எத்தன போட்டிருப்பாரு.

லெனனுக்கும் இதே கணக்குதான். 1974 ஆகஸ்ட்ல நியூயார்க்ல ஒரு மொட்டை மாடில பாப் குருயென் எடுத்த படம், கை வெட்டின டி-ஷர்ட்ல "நியூயார்க் சிட்டி"ன்னு எழுதியிருக்கும், கைய கட்டிக்கிட்டு நிப்பாரு. அந்த டி-ஷர்ட்டே குருயென் ரோட்டோரத்துல வாங்கி அவருக்குக் குடுத்தது. அப்ப கேமராவுக்கு முன்னாடியும் பின்னாடியும் நின்னது ரெண்டு பேரு, ஒருத்தர் 1980-ல போயிட்டாரு, இன்னொருத்தர் கையெழுத்து நம்ம பட்ஜெட்டுக்குப் பக்கத்துல நிக்குது. போட்டோகிராஃபர் கையெழுத்து "அவரு பாடகர் இல்லையே"ன்னு சப்புன்னு போயிடுதுன்னு சொல்றவங்களுக்கு என் பதில் இதுதான், எதிர்ல நின்னு பாத்தவன் கையெழுத்துப்பா அது.

இங்கிலாந்து பேண்டு ஜாய் டிவிஷன் ரசிகர்களுக்கு வேற வழியே கிடையாது. 1979 ஜனவரி 6, மான்செஸ்டர் ஹுல்ம்ல ஒரு பாலம், சுத்தி பனி, நாலு பேரு தூரமா சின்னதா நிக்கறாங்க, கெவின் கம்மின்ஸ் எடுத்தது. அதோட பாடகர் இயன் கர்ட்டிஸ் அடுத்த வருஷம் மே மாசமே போயிட்டாரு, அப்ப அவங்க பெரிய பேண்டும் இல்ல, கையெழுத்து கேட்டு வரிசைல நிக்க ஆளும் இல்ல. நாலு பேர் கையெழுத்தும் இருக்கற போட்டோன்னு யாராவது மலிவா நீட்டினா கும்புடு போட்டுட்டு வந்துடுங்க. அமெரிக்கப் பாடகர் பிரின்ஸும் அப்படித்தான், ஆட்டோகிராஃப் போட மாட்டாருன்னே பேரெடுத்த ஆளு. லின் கோல்ட்ஸ்மித் 1981-ல எடுத்த அந்த வெள்ளைச் சட்டை போர்ட்ரெய்ட் தெரியும்ல, 1984-ல ஒரு பத்திரிகை அத ஓவியர் ஆண்டி வார்ஹோல் பாத்து வரையறதுக்கு 400 டாலர் குடுத்து உரிமம் வாங்குச்சு, வார்ஹோல் ஒண்ணுக்குப் பதிலா ஒரு வரிசையே பண்ணிட்டாரு, கடைசில அது அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2023 மே மாசம் 7-க்கு 2ன்னு கோல்ட்ஸ்மித் பக்கம் தீர்ப்பாச்சு. இத எதுக்கு சொல்றேன்னா, பிரிண்ட் வாங்கினா உங்களுக்கு வர்றது அந்தக் காகிதம்தான், காப்பிரைட் எடுத்தவங்க கிட்டயேதான் இருக்கும். உங்க கஃபே மெனு கார்டுல அத அடிச்சுக்கலாம்னு ஐடியா இருந்தா இப்பவே மறந்துடுங்க.

ஆனா போட்டோகிராஃபர் பிரிண்ட்லயும் புரியாம காசு விடற இடம் இருக்கு, அதுவும் சட்டபூர்வமாவே. எடிஷன் நம்பர், அதாவது மொத்தப் பிரதில இது எத்தனாவதுன்ற கணக்கு. கீழ ஓரத்துல பென்சில்ல 12/50ன்னு இருக்கும், ஓ உலகத்துலயே அம்பதுதான்னு நெனப்போம். அந்த அம்பது அந்த சைஸுக்கு மட்டும்தான். 11-க்கு 14 இன்ச்ல அம்பது, 16-க்கு 20-ல அம்பது, 20-க்கு 24-ல இருபத்தஞ்சு, பெரிய சைஸ்ல பத்து, அது போக ஒவ்வொண்ணுலயும் ஏபின்னு ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப் சிலது, இப்படி கூட்டினா நூத்தி முப்பத எங்கயோ தாண்டிப் போகும். அதனால கேக்க வேண்டியது "இது எத்தன பிரதி"ன்னு இல்ல, "எல்லா சைஸும் சேத்து இந்தப் படம் மொத்தம் எத்தன, இதுக்கு முன்னாடி வேற எடிஷன் விட்டிருக்காங்களா"ன்னு. நல்ல கேலரின்னா பதில் உடனே வரும். எடிஷன் விக்க விக்க விலைய ஏத்திக்கிட்டே போறதும் இங்க வழக்கம், அதனால ஆரம்ப நம்பர் மலிவு, கடைசி அஞ்சு யானை விலை, படம் என்னமோ ஒண்ணுதான்.

இன்னொண்ணு, படம் 1967-ன்னா பிரிண்ட் 1967 இல்ல. அந்தக் காலத்துல இதெல்லாம் பத்திரிகைக்கும் ஆல்பம் கவருக்கும் எடுத்த வேலை, வேலை முடிஞ்சா டப்பால போட்டு மூடிடுவாங்க, சுவத்துல மாட்ட ஆள் வரும்னு எவனும் நெனக்கல. எடிஷன் எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்த யோசனை. அதனால பிரிண்ட் எப்ப போட்டது, எதுல போட்டதுன்னு கேளுங்க. டார்க்ரூம்ல ஃபைபர் பேப்பர்ல போட்ட சில்வர் ஜெலட்டின் பிரிண்ட் ஒரு ரகம், கருப்பு அடி வரைக்கும் போயி நிக்கும், கன்னத்துல இருக்கற சாம்பல் நிறம் மட்டும் எத்தனையோ படியா இறங்கும். ஸ்கேன் பண்ணி இங்க்ஜெட்ல போடற பிக்மென்ட் பிரிண்ட் இன்னொரு ரகம், அதுவும் இப்ப தரமாத்தான் வருது, ரொம்ப நாள் நிக்கும், நான் அத மட்டமாச் சொல்ல மாட்டேன், ஆனா சில்வர் விலைக்கு இங்க்ஜெட் வாங்கக் கூடாது. "வின்டேஜ் பிரிண்ட்"னா படம் எடுத்த ஒரு சில வருஷத்துக்குள்ள போட்ட பிரிண்ட், அது தனி உலகம், விலையும் தனி. 1967 வின்டேஜ்னு சொல்லி கையில குடுத்தது பின்பக்கம் வழவழன்னு பிளாஸ்டிக் மாதிரி இருந்தா நம்பாதீங்க, அந்த ஆர்சி பேப்பர், அதாவது பிளாஸ்டிக் பூசின பேப்பர், எழுபதுகள்லதான் பரவலா வந்துச்சு.

இப்ப தலைகீழா மாறற இடம். பாடகி பேட்டி ஸ்மித்தோட 1975 முதல் ஆல்பம் கவர், வெள்ளைச் சட்டை, தோள்ல கோட்டு, ஜன்னல் வெளிச்சம், ராபர்ட் மேப்பிள்தார்ப் எடுத்தது. இதுல போட்டோகிராஃபர் 1989-லயே போயிட்டாரு, அவர் பிரிண்ட் எல்லாம் மியூசியம் வாங்கற லெவலுக்குப் போயாச்சு. பேட்டி ஸ்மித்தோ இன்னும் மேடை ஏறிப் பாடறாங்க, எழுதறாங்க, புத்தகத்துல கையெழுத்தும் போட்டுக் குடுக்கறாங்க. இங்க பாடகர் கையெழுத்து நம்ம கைக்கு எட்டும், போட்டோகிராஃபர் கையெழுத்து நெனச்சே பாக்க முடியாது. அதனால என் கட்சிய கண்ண மூடிட்டு எல்லாத்துக்கும் பொருத்தாதீங்க, அந்த ரெண்டு பேர்ல யார் உயிரோட இருக்காங்க, யார் கையெழுத்துக்கு ஆவணம் இருக்குன்னு படத்துக்குப் படம் பாக்கணும்.

ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்ன்றவங்களுக்கு பிரிண்ட விட நல்ல வழி ஒண்ணு இருக்கு, சொன்னா மூஞ்சி சுளிப்பாங்க, ஏன்னா அது புத்தகம். இங்கிலாந்து ஜெனிசிஸ் பப்ளிகேஷன்ஸ் போடற லிமிடெட் எடிஷன் போட்டோ புத்தகங்க. 2002-ல பாடகர் டேவிட் போவியும் போட்டோகிராஃபர் மிக் ராக்கும் சேந்து கையெழுத்துப் போட்ட 2500 பிரதி வந்துச்சு, 2012-ல போவியும் மசயோஷி சுகிதாவும் போட்ட 2000 பிரதி வந்துச்சு, இந்த சுகிதாதான் 1977-ல கைய தூக்கி வெச்சிருக்கற அந்த கருப்பு வெள்ளை போவி கவர எடுத்தவரு. போவி 2016-ல போயிட்டாரு, மிக் ராக் 2021-ல, இனிமே அந்த ஜோடிக் கையெழுத்து புதுசா வராது. தனியா போவி கையெழுத்துப் போட்ட போட்டோவ விட இதுல நம்பகம் எவ்வளவோ மேல, நம்பர் இருக்கு, பதிப்பகம் இருக்கு. சுவத்துல மாட்ட முடியாது, அவ்வளவுதான் குறை. கையெழுத்துப் பக்கத்தக் கிழிச்சு பிரேம் போடற ஆளுங்களும் இருக்காங்க, அவங்க கூட எனக்குப் பேச்சு வார்த்தை இல்ல.

எஸ்டேட் பிரிண்ட் பத்தி சுருக்கமாச் சொல்லிடறேன். போட்டோகிராஃபர் ஜிம் மார்ஷல் 2010-ல போயிட்டாரு, 1969-ல சான் குவென்டின் ஜெயில்ல ஜானி கேஷ் கேமராவப் பாத்து நடுவிரல காட்டற படம், 1967 மான்டரே இசை விழால ஹென்ட்ரிக்ஸ் கிதார கொளுத்தற படம், 1966 ஆகஸ்ட் 29 சான் பிரான்சிஸ்கோ கேண்டில்ஸ்டிக் பார்க்ல பீட்டில்ஸ் கடைசியா டிக்கெட் போட்டுப் பாடின கச்சேரியோட பேக்ஸ்டேஜ் படங்க எல்லாம் அவரோடதுதான். அவர் உயிரோட இருந்தப்ப கையெழுத்துப் போட்டதும் இப்ப எஸ்டேட் முத்திரையோட வர்றதும் ஒரே நெகட்டிவ், ஆனா ரெண்டும் ஒரே விலைல இருந்தா ஏதோ சரியில்லன்னு அர்த்தம். கண்ணுக்கு அழகாப் படம் வேணும், திரும்ப விக்கற எண்ணமே இல்லன்னா எஸ்டேட் பிரிண்ட் நியாயமான சரக்கு, குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. விக்கற எண்ணம் இருந்தா அவர் கையெழுத்துப் போட்டதத்தான் பாருங்க.

கடைசியா பிரஸ் பிரிண்ட், எனக்கு மனசுக்கு ரொம்பப் புடிச்ச வகை இதுதான், ஆனா மச்சான் கிட்ட சொன்னா "கையெழுத்தே இல்லாததுக்கு எதுக்கு காசு"ன்றான். அமெரிக்கால பத்திரிகைங்க டிஜிட்டலுக்கு மாறினப்ப பழைய போட்டோ அலமாரிய அப்படியே வித்தாங்க, அதுலேர்ந்து வந்த 8-க்கு 10 பிரிண்டுங்க இபேல நிறைய சுத்துது, சில பத்து டாலர்லேர்ந்து சில நூறு டாலர் வரைக்கும். முன்பக்கம் பாடகர் முகம், அதுல பிரிண்ட் ஓரத்துல ஆரஞ்சு கிரீஸ் பென்சில்ல யாரோ சப்-எடிட்டர் இவ்வளவு வெட்டுன்னு கோடு போட்டிருப்பான், சில சமயம் பின்னணி தெளிவா இல்லன்னு முடிய சுத்தி வெள்ளை பெயின்ட் அடிச்சு வெட்டிக் காட்டியிருப்பான். திருப்பினா டைப் அடிச்ச காகிதத் துண்டு ஒண்ணு ஒட்டியிருக்கும், யாரு, எந்த ஊர் கச்சேரி, என்ன தேதின்னு, பசை பழுப்பேறி விளிம்பு சுருண்டிருக்கும், பக்கத்துல ஏஜென்சி முத்திரை, அது மேல பேப்பர்ல வந்த தேதி முத்திரை, அது மேலயே இன்னொரு வருஷத்துத் தேதி, அதாவது பாடகர் செத்தப்ப அதே போட்டோவ திரும்ப எடுத்துப் போட்டிருக்காங்க. போலியா பண்ண இவ்வளவு சிரமம் எடுத்தா லாபமே நிக்காது, அதுதான் இதுக்குப் பாதுகாப்பு. பின்பக்கம் படம் போடாத லிஸ்டிங்க திறந்தே பாக்காதீங்க.

அப்ப யாருக்கு எது? பாட்டு மேல பைத்தியம், காசு பத்தாயிரம் பதினஞ்சாயிரம்தான்னா பிரஸ் பிரிண்ட், யோசிக்கவே வேணாம். லட்சம் வரைக்கும் போகலாம், சுவத்துல ஒண்ணு கம்பீரமா நிக்கணும்னா உயிரோட இருக்கற போட்டோகிராஃபர் கையெழுத்துப் போட்ட சின்ன சைஸ் பிரிண்ட், கேலரிலயோ அவங்க கிட்டயே நேராவோ. பாடகர் கை பட்டே ஆகணும்னா இப்ப ஊர் ஊரா பாடிக்கிட்டிருக்கற ஒருத்தர, பேர் போட்டு எழுதினதா, யாரு எங்க எப்ப வாங்கினாங்கன்ற கதையோட தேடுங்க. செத்துப் போன பெரிய தலையோட கையெழுத்து, அதுவும் நம்ம பட்ஜெட்டுக்குள்ள, அதுவும் போன வாரம் ஆன்லைன்ல கண்ணுல பட்டதுன்னா, அத விட்டுடுங்க. முதலீடுன்னு நெனச்சு எதையுமே வாங்காதீங்கன்னுதான் சொல்வேன், ஏலத்துல கமிஷன், கப்பல் செலவு, கஸ்டம்ஸ் எல்லாம் கழிச்சுப் பாத்தா மிச்சம் நிக்கறது எல்லாருக்கும் அமையாது.

கஸ்டம்ஸ்னு சொன்னேன்ல, கேலரி விலை வேற வீட்டுக்கு வந்து சேர்ற விலை வேற. டூட்டி, வரி, கூரியர்காரன் வாங்கற கிளியரன்ஸ் சார்ஜ், இன்சூரன்ஸ் எல்லாம் முன்னாடியே கேட்டு மொத்தமா கணக்குப் போட்டுட்டு அப்புறம் ஒப்பிடுங்க. பிரேம் போடாம ரோலாவோ தட்டையாவோ அனுப்பச் சொன்னா கப்பல் செலவு நல்லா குறையும், கண்ணாடி உடையற பயமும் இல்ல.

ஆனா நம்ம ஊர்ல பிரேம் போடறதுலதான் நல்ல பிரிண்டுங்க சாவுது. தெருமுனை பிரேம் கடைல குடுத்தா அந்த அண்ணன் பாசமா லேமினேஷன் பண்ணிடட்டுமா, சன்போர்டுல ஒட்டிடட்டுமான்னு கேப்பாரு, ரெண்டுக்கும் வேணாம்னு சொல்லுங்க, ஒட்டினா பிரிண்ட் செத்துது, லேமினேட் பண்ணா செத்தே செத்துது. ஆசிட் இல்லாத மவுண்ட் போர்டு, மூலைல மட்டும் தாங்கற மாதிரி காகித கார்னர், முன்னாடி யூவி தடுக்கற கண்ணாடியோ அக்ரிலிக்கோ, அது போட்டோவத் தொடவே கூடாது, நடுவுல இடைவெளி வேணும். சென்னை புழுக்கத்துல ஜெலட்டின் இளகி கண்ணாடியோட ஒட்டிக்கிட்டா பிரிக்கும்போது முகமே உரிஞ்சு வரும். பாத்ரூம் சுவத்துக்கு மறுபக்கம், மழைல ஈரம் ஏறற வெளிச்சுவர், ஜன்னலுக்கு நேர் எதிர், இந்த மூணு இடமும் வேணாம். சில்வர்ஃபிஷ் பூச்சிக்கு ஜெலட்டின்னா கறி விருந்து, அதனால பிரேம் பின்பக்கத்த டேப் போட்டு மூடி, வருஷத்துக்கு ஒரு தடவயாவது கழட்டிப் பாருங்க. கேலரி பில்லு, சான்றிதழ், போட்டோகிராஃபர் ஆபீஸ்லேர்ந்து வந்த மெயில், இதையெல்லாம் பிரேமுக்குப் பின்னாடி சொருகி வெக்கற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, அத தனி ஃபைல்ல போட்டு ஸ்கேனும் எடுத்து வெச்சுக்கோங்க, நாளைக்கு விக்கப் போனா போட்டோவ பாக்கறதுக்கு முன்னாடி அதத்தான் கேப்பாங்க.